அக்காவின்ரை சைக்கிள் சீற்

தொண்டைமானாறு
9.2.1986

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டிலை எல்லாரும் இருக்கிறம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுறியளோ எண்டுதான் அம்மாவுக்கு யோசனை. அக்கா காய்ச்சலிலை போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வரேல்லை. உங்களுக்கெண்டு போட்ட தேசிக்காய் ஊறுகாய் போத்தலோடை கிடக்கு. அம்மா ஒருத்தரையும் தொட விடுறா இல்லை.

எனக்கு ஒரு கரைச்சல். பொங்கலுக்கு அடுத்த கிழமை நெற்போல் விளையாடேக்கை துள்ளிப் பந்தைப் பிடிச்சு இறங்கினன். கால் நிலத்திலை நிண்டிட்டுது, உடம்பு திரும்பிட்டுது. வலது முழங்காலுக்குள்ளை 'டிக்' எண்டு ஒரு சத்தம். அண்டைக்கே பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு. ஐயா நாட்டு வைத்தியப் பரியாரியாரைக் கூட்டிவந்து மருந்துப் புக்கை கட்டுவிச்சவர். எலும்பு முறியேல்லையாம், காலை ஊண்டாமல் கிடக்கட்டாம். கிடந்தன். இப்ப நோ குறைவு. ஆனால் படியிறங்கேக்கை முழங்கால் திடீரெண்டு மடிஞ்சு விழப்பாக்குது.

ஆனியிலை விளையாட்டு ரீச்சர் வேலைக்கு நேர்முகம். ஓடிக்காட்ட வேணும், பாய்ஞ்சு காட்ட வேணும். அது தப்பினால் ஐயா என்னை ஆருக்கெண்டாலும் கட்டிக்குடுத்துப்போட்டுத்தான் மூச்சு விடுவார். பெரியாசுபத்திரியிலை ஏலாத கைகாலை அசைக்கப் பழக்கிறதே வேலையாய் இருக்கிற மனிசன் எங்கடை வீட்டு மருமகன். ஆனால் நீங்கள் வந்து காலைத் தொட்டுப் பாத்தால் ஊர் கதைக்குமாம். நான் உங்களிட்டை வந்தாலும் கதைக்குமாம். கடிதத்தைப் பற்றி ஊர் ஒண்டும் சொல்லேல்லை. எழுதுங்கோ.

உங்கடை மச்சாள்
குணலட்சுமி


கொக்குவில்
17.2.1986

அன்புள்ள குணத்துக்கு,

கடிதம் கிடைச்சது.

முழங்கால் இடையிலை பூட்டுப் போட்ட மாதிரி இறுகி, நீட்ட ஏலாமல் நிக்குதோ? கெண்டைக்கால் வீங்கிச் சூடாய் இருக்கோ? காய்ச்சல் காயுதோ? ஒண்டுக்கெண்டாலும் ஓம் எண்டால் இந்தக் கடிதத்தை விட்டிட்டு உடனை ஆசுபத்திரிக்கு வாரும். ஊர் கதைக்கட்டும்.

இல்லையெண்டால் கிடக்கிறதை இண்டையோடை நிப்பாட்டும். வீக்கம் வத்துமட்டும் மீன்வாடியிலை ஐஸ் வாங்கித் துவாயிலை சுத்தி வையும். வெறும் ஐஸைத் தோலிலை வைக்கக்கூடாது. நோவெண்ணெய் போட்டு உருவுறதை விடச் சொல்லும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டும்.

முக்கியமானது தொடை. முழங்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி. அதை இழுத்துப் பிடிச்சு வைச்சிருக்கிறது தொடைத் தசைதான். கிடையிலை கிடந்தால் அது கரைஞ்சுபோகும், அதாலைதான் கால் மடியுது. காலை நீட்டி இருந்து, துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழை வைச்சு, நிலத்தோடை அமத்தும். தொடை கல்லு மாதிரி இறுக வேணும். மெல்ல ஐஞ்சு எண்ணிப்போட்டு விடும். பேந்து முழங்காலை மடிக்காமல் காலை ஒரு சாண் உயர்த்திப் பிடியும். காலமையும் பின்னேரமும், களைக்குமட்டும். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்து பிரயோசனமில்லை.

என்னைப் பற்றி எழுத ஒண்டும் இல்லை. வேலைக்குப் போறன். வாறன்.

பரமலிங்கம்


தொண்டைமானாறு
20.3.1986

அன்புள்ள அத்தானுக்கு,

பூட்டும் இல்லை, காய்ச்சலும் இல்லை, கெண்டைக்காலிலை சூடும் இல்லை. உங்கடை கடிதத்தை ஐயா வழக்கம் போலை எல்லாரையும் இருத்தி வைச்சு வாசிச்சவர். சொன்னபடி செய்யிறன். நான் ஐஸுக்குப் போனால் வாடியிலை, "பிள்ளை, மீனில்லாமல் ஐஸை மட்டும் சமைக்கிறியளோ?" எண்டு பகிடி. வீக்கம் வத்திட்டுது. கணுக்காலை ஆட்டி ஆட்டி அது இப்ப நல்ல பலம். ஆனால் முழங்கால் அப்பிடியே கிடக்கு. முந்தநாளும் கிணத்தடியிலை மடிஞ்சு, வாளியோடை விழுந்தன்.

சைக்கிள் ஓடினால் முழங்காலுக்கு நல்லதெண்டு ஒரு ரீச்சர் சொன்னவ. அக்காவின்ரை சைக்கிள் உங்களிட்டைச் சும்மாதானே நிக்குது. அனுப்பிவிடுவியளோ?

குணலட்சுமி


கொக்குவில்
27.3.1986

அன்புள்ள குணத்துக்கு,

ஒரு மாதம் தொடையை இறுக்கியிருந்தால் உப்பிடி மடியாது. உண்மையாய்ச் செய்தனீரோ? தையல்காரரின்ரை ரேப்பை எடுத்து, முழங்காலுக்கு ஒரு சாண் மேலை ரெண்டு தொடையையும் அளந்து பாரும். வலது மெலிஞ்சிருந்தால் நீர் செய்யேல்லை எண்டுதான் அர்த்தம். வெக்கப்பட ஒண்டுமில்லை, ஆனால் பொய் சொன்னால் காலுக்குத்தான் நட்டம். கதிரையிலை இருந்து கையை ஊண்டாமல் எழும்பிப் பாரும். தொடை நடுங்கினால் அதையும் எழுதும். துவாயை அமத்துறது எப்பிடி எண்டு கீழை படம் கீறியிருக்கிறன்.

சைக்கிள் இஞ்சை நிக்குது. பாப்பம்.

பரமலிங்கம்


தொண்டைமானாறு
3.4.1986

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை நானே நொண்டிக்கொண்டு தபால் கந்தோருக்குக் கொண்டுபோறன்.

நேற்று ஐயா உங்கடை கடிதத்தை உடைச்சு, கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி வாசிச்சார்: "அன்புள்ள குணத்துக்கு. சைக்கிள் இஞ்சை நிக்குது. பாப்பம். பரமலிங்கம்." அவ்வளவுதான். மடிச்சிட்டார். எனக்கெண்டால் தாளின்ரை ரெண்டு பக்கமும் மை தெரியுது.

"சைக்கிள் நிக்கிறதை எழுத ரெண்டு பக்கம் வேணுமோ ஐயா?" எண்டு கேட்டன்.

"மற்றது ஆசுபத்திரிப் புதினம்" எண்டார்.

அவர் குளிக்கப் போக, கம்பியிலை குத்தி வைச்சிருந்த உங்கடை கடிதங்களைக் கழட்டி வாசிச்சன். அத்தான், மாசியிலை நீங்கள் எழுதினதிலை பாதி எனக்கு வரவே இல்லை. தொடை வாற இடமெல்லாம் ஐயா பாய்ஞ்சு போட்டார். ஒரு மாதமாய் நான் ஐஸை வைச்சுக் கணுக்காலை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.

கேட்டன். ஐயாவுக்கு முகம் கறுத்துப்போச்சு.

"குமர்ப்பிள்ளைக்குத் தொடை எண்டு எழுதுறதோ? அதைக் கொம்மாவுக்கு முன்னாலை நான் வாசிக்கிறதோ?"

"அப்ப அவர் என்னெண்டு எழுதுறது?"

"கால் எண்டு எழுதலாம்."

அம்மா அடுப்படியிலை நிண்டு சிரிச்சுப்போட்டா. அக்கா போன பிறகு முதல்தரம் சிரிச்சவ. சிரிச்சதை நினைச்சு உடனை அழத் தொடங்கிட்டா.

இனித்தான் பெரிய கதை. எங்கடை கடிதப் போக்குவரத்து இதோடை சரியாம். ஆவணியிலை அக்காவின்ரை ஒரு வருஷ ஆட்டைத் திவசம் முடிய உங்களுக்கும் எனக்கும் கலியாணமாம். "தாலியைக் கட்டிப்போட்டுத் தொடையைப் பற்றி எவ்வளவும் கதைக்கட்டும்" எண்டு சொல்லிப்போட்டு நொண்டி நொண்டிப் போறார். அவருக்கும் இடது முழங்கால் நோ. அதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டார்.

நான் தொடையை இறுக்கத் தொடங்கிட்டன், கதவைச் சாத்திக்கொண்டு. கலியாணத்துக்கு நீங்கள் என்ன சொல்லுறியள்?

குணலட்சுமி


கொக்குவில்
11.4.1986

அன்பும் மதிப்பும் உள்ள இளையதம்பி மாமாவுக்கு,

உங்களுக்கு இடது முழங்கால் நோ எண்டு அறிஞ்சன். வயது போகேக்கை வாற தேய்வு. பயப்பிட ஒண்டும் இல்லை, ஆனால் விட்டால் கூடும். ஐஸ் வேண்டாம், உங்களுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் நல்லது. நிலத்திலை காலை மடிச்சுச் சப்பாணி கட்டி இருக்கிறதை விட்டிட்டுக் கதிரையிலை இருங்கோ.

முக்கியமானது உங்கடை தொடை. துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழை வைச்சு, தொடை கல்லாகுமட்டும் அமத்துங்கோ. ஐஞ்சு எண்ணி விடுங்கோ. பேந்து காலை நீட்டினபடி ஒரு சாண் உயர்த்துங்கோ. தனியச் செய்தால் அலுக்கும். வீட்டிலை ஆரெண்டாலும் ஒராளைப் பக்கத்திலை பாய் போட்டுச் செய்யச் சொல்லுங்கோ. பிழை விட்டால் ஆளையாள் திருத்தலாம்.

குணத்தின்ரை விஷயம் அறிஞ்சன். உங்கடை விருப்பம்.

மருமகன்
பரமலிங்கம்


தொண்டைமானாறு
5.5.1986

அன்புள்ள அத்தானுக்கு,

ஐயா உங்கடை கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் வாசிச்சார். தன்ரை தொடையெண்டால் பிழையில்லை. அதை வாசிக்கேக்கை குரலும் கொஞ்சம் கூடினது. இப்ப காலமையிலை விறாந்தையிலை ரெண்டு பாய், ரெண்டு துவாய். "அமத்தடி பிள்ளை, கல்லு மாதிரி வரோணும்" எண்டு எனக்கே படிப்பிக்கிறார். கடிதம் எழுதக்கூடாதெண்டு சொன்னதை மறந்திட்டார். அம்மா எண்ணுறா. ஐயாவிலை கோவமெண்டால் மூண்டோடை நிண்டு மெல்லமாய் எண்ணுறா.

ரேப் பிடிச்சன். வலது தொடை இடதுக்குக் கிட்ட வந்திட்டுது. படியிலை பயமில்லாமல் இறங்குறன். முந்தநாள் கடற்கரை வரைக்கும் வேகமாய் நடந்திட்டு வந்தன், வீக்கமில்லை.

ஆனால் அந்தக் கடைசி வரியையும் ஐயா வாசிச்சவர். அவருக்குச் சந்தோஷம். எனக்கில்லை. முழங்காலுக்கு ரெண்டு பக்கம் எழுதின நீங்கள் எனக்கு ரெண்டு சொல்லுத்தான் எழுதியிருக்கிறியள்.

நான் சொல்லுறன். உங்களிலை எனக்குப் பாசம் இருக்கு, மரியாதை இருக்கு. அக்காவின்ரை இடத்திலை வந்து நான் இருக்க மாட்டன். உங்களுக்கும் வேண்டாம் எண்டு எனக்குத் தெரியும். வேண்டாம் எண்டு சொல்லக்கூட மனம் எழும்பாமல் கிடக்கிறியள், அதை ஐயா சம்மதம் எண்டு எடுக்கிறார். ஓமோ இல்லையோ, ஒரு சொல்லு எழுதுங்கோ. மழுப்பினால் நான் இனி எழுத மாட்டன், என்ரை முழங்காலை நானே பாத்துக்கொள்ளுவன்.

சைக்கிளை ஏன் இன்னும் அனுப்பேல்லை எண்டும் எழுதுங்கோ.

குணலட்சுமி


கொக்குவில்
12.5.1986

அன்புள்ள குணத்துக்கு,

இல்லை. இதுதான் என்ரை மறுமொழி. மாமாவுக்கும் இதோடை தனிக் கடிதம் வைச்சிருக்கிறன். நீர் சொல்லி அவர் அறியக்கூடாது, நான் சொல்ல வேணும்.

உம்மடை அக்கா மீனாம்பிகை உம்மை விடக் கட்டை. சைக்கிள் சீற் அவவின்ரை உயரத்துக்கு நிக்குது. அதிலை நீர் ஓடினால் முழங்கால் கனக்க மடிஞ்சு திரும்ப நோகும். பெடல் கீழை நிக்கேக்கை கால் கிட்டத்தட்ட நீள வேணும். அப்ப சீற்றை உயர்த்தித்தான் அனுப்ப வேணும். ஒரு நட்டு வேலை. ஸ்பனரைக் கையிலை எடுத்துக்கொண்டு போறன், நிக்கிறன், திரும்பி வாறன். உயர்த்தினால் அவ எவ்வளவு உயரத்திலை இருந்தவ எண்டு பேந்து எனக்குத் தெரியாது. உடுப்பெல்லாம் மாமி அந்தியேட்டியண்டைக்கே மடிச்சு வைச்சிட்டா. இது ஒண்டுதான் அவ இறங்கி விட்டபடி நிக்குது.

ஒவ்வொரு நாளும் சனத்துக்குக் கையை அசை, காலை அசை எண்டு சொல்லுறவன் நான். விளங்காமல் இல்லை. ஏலாமல் கிடக்கு.

இனி மெல்ல ஓடத் தொடங்கலாம், மணலிலை வேண்டாம், இறுகின தரையிலை. ஓடிப்போட்டு வீங்கினால் அடுத்த நாள் விடும். ஒற்றைக் காலிலை ஆடாமல் நிக்கப் பழகினாப் பிறகுதான் பாயலாம். நெற்போல் விளையாடுறது நேர்முகத்துக்குப் பிறகுதான்.

பரமலிங்கம்


தொண்டைமானாறு
19.5.1986

அன்புள்ள அண்ணைக்கு,

இனி உங்களுக்கு இப்பிடித்தான் எழுதுவன்.

ஐயா உங்கடை கடிதத்தைத் தனிய இருந்து வாசிச்சார். ரெண்டு நாளாய்ப் பாய் விரிக்கேல்லை. இண்டைக்குக் காலமை தானாய் எழும்பி ரெண்டு பாயையும் விரிச்சார்.

இவ்வளவும் எழுதிப்போட்டு நான் எல்லாரையும் இருத்தி வாசிச்சன். எங்கடை வீட்டு வழக்கம்தானே. முதல் வரி வந்த உடனை ஐயா கண்ணாடியைக் கழட்டினார். "திருப்பி வாசி" எண்டார். வாசிச்சன். அம்மாதான் கேட்டா, "அப்ப அண்ணைக்காரன் தங்கச்சியின்ரை காலைப் பாக்க வந்தால் ஊர் என்னத்தைக் கதைக்கிறது?" எண்டு. ஐயா, "கதைக்கிறவனை என்னட்டை அனுப்பு" எண்டார்.

சைக்கிளுக்கு நான் ஒண்டு சொல்லட்டோ? சீற் கம்பி பைப்புக்குள்ளை இறங்கிற இடத்திலை ஒரு கோடு போடுங்கோ. பிறகு உயர்த்துங்கோ. அக்காவின்ரை உயரம் கோட்டிலை இருக்கும். எப்ப வேணுமெண்டாலும் பழையபடி இறக்கிப் பாக்கலாம். நான் ஓடினாலும் அது அங்கைதான் நிக்கும்.

தங்கச்சி
குணலட்சுமி


கொக்குவில்
27.5.1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோடு போட்டிட்டன். பேனை மை மழைக்கு அழிஞ்சுபோகும் எண்டு, அலுமாரியைத் திறந்து அவ நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸை எடுத்தன். காய்ஞ்சு இறுகிக் கிடந்தது. சுடுதண்ணியிலை வைச்சு இளக்கித்தான் பூசினன். சிவப்பு. காயுமட்டும் பக்கத்திலை இருந்தன். கனநேரம் இருந்திட்டன் போலை, பிறகுதான் ஸ்பனரை எடுத்தன். நட்டு கறள் பிடிச்சிருந்தது. முதல் அசையேல்லை.

இப்ப சீற் உம்மடை உயரத்துக்கு நிக்குது. கோடு பைப்புக்கு மேலை வடிவாய்த் தெரியுது.

பஸ்ஸிலை ஏத்தி அனுப்ப மாட்டன். ஆமிக்காரர் முகாமை விட்டு வெளிக்கிடாட்டில் வாற ஞாயிற்றுக்கிழமை நானே அதிலை ஓடி வாறன், அச்சுவேலியாலை. சோளகக் காத்துத் தொடங்கிட்டுது, பின்னாலை நிண்டு தள்ளும். வந்து உம்மடை முழங்காலைக் கையாலை பிடிச்சுப் பாத்தால்தான் பாயலாமோ இல்லையோ எண்டு சொல்லுவன். மாமாவின்ரையையும் பாப்பன். அவரைக் கதிரையிலை இருக்கச் சொல்லும், சப்பாணி கட்டியிருந்தால் திரும்பிப் போடுவன் எண்டு சொல்லும்.

திரும்பி வரேக்கை எனக்குப் பஸ்தான். ஊறுகாய்ப் போத்தலை மாமி இறுக்கி மூடி வைக்கட்டும்.

உம்மடை அண்ணன்
பரமலிங்கம்