ஒன்பது மணி ரவுண்ட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். போன துறைமுகத்திலிருந்து நீங்கள் போட்ட கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. எஞ்சின் அறைச் சூட்டில் தோளில் வந்த கொப்புளம் ஆறிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஆறாவிட்டாலும் ஆறிவிட்டது என்றுதான் எழுதுவீர்கள் என்று பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அடுத்த பயணத்துக்கும் வருகிறீர்களா என்று கம்பெனி கேட்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும், உன் வேலை நிலைக்குமா என்று தெரிந்தால்தான் என்னால் முடிவு சொல்லமுடியும் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன். போனில் பேசினால் நான் ‘ம்’, ‘சரி’, ‘சாப்பிட்டீங்களா’ என்ற மூன்றைத் தாண்டமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

கப்பலில் யாராவது கேட்டால் என் மகள் பேப்பரில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்வீர்களாமே. பாதி சரிதான். விரல் நீளமுள்ள ஒரு காகிதப் பட்டை. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் புண் வந்தால், அதிலிருந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்ததை இந்தப் பட்டையில் தடவவேண்டும். உள்ளே கிருமி பரவியிருந்தால் கால் மணி நேரத்தில் நீலமாகும். இப்போது அதைத் தெரிந்துகொள்ள மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாளில் ஒரு விரலே போய்விடலாம்.

எங்கள் ஆய்வகத்தில் வளர்த்த கிருமிகளைத் தடவினால் பட்டை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. ஆனால் வார்டிலிருந்து வந்த அறுபது மாதிரிகளில் எட்டில்தான் நீலம் வந்தது. மற்றவற்றில் பெரும்பாலும் பழைய மூன்று நாள் முறையிலும் ஒன்றும் வளரவில்லை. நோயாளிகள் முன்பே ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டோம். என் பேராசிரியரை நாங்கள் ‘ம்ம் சார்’ என்போம். எதைச் சொன்னாலும் ‘ம்ம்’தான். அவரே போன மாதம் வாய் திறந்து, முகாம் முடிவதற்குள் காரணம் கண்டுபிடிக்காவிட்டால், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற குழு இந்த வேலையை மூடிவிடும் என்றார். மூடினால் என் இடமும் போய்விடும். உங்களிடம் போனில் சொன்னது இதைத்தான். அழுததை மட்டும் சொல்லவில்லை.

முகாம் என்றதும் அம்மா கண் ஆபரேஷன் முகாம் என்று நினைத்துவிட்டாள். இது ஆய்வு முகாம். வருடத்துக்கு ஒருமுறை டாக்டர்கள், நர்ஸுகள், ஆய்வகத்துக்காரர்கள், கருவி செய்பவர்கள் எல்லாரையும் ஊருக்கு வெளியே ஏரிக்கரை விடுதி ஒன்றில் மூன்று நாள் வைத்துவிடுவார்கள். ஆய்வகத்தில் கண்டுபிடித்தது நோயாளியின் கட்டில்வரை போய்ச் சேருவதற்கு என்ன வழி என்று சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கவேண்டும். “உக்காந்து பேசறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? மொட்டை மாடி பத்தாதா?” என்று அம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே இரண்டு ஸ்வெட்டர்களைப் பையில் திணித்தாள்.

அங்கே ஒரு கட்டாய வழக்கம் உண்டு. யாரும் தன் ஆட்களுடன் தங்கக்கூடாது. அறைத் தோழி வேறு வேலை செய்பவளாக இருக்கவேண்டும். இரண்டாம் நாள் ஒருவர் வேலையை மற்றவர் கையால் செய்து பழகவேண்டும். மூன்றாம் நாள் தன் வேலையைப் பற்றி அல்ல, தோழியின் வேலையைப் பற்றிச் சபையில் பேசவேண்டும். பேசவேண்டும் என்பதைப் படித்ததிலிருந்தே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு வாய்த்த தோழி, எங்களுக்கு மாதிரி அனுப்புகிற அதே வார்டின் தலைமை நர்ஸ். பஞ்சு சிஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற கை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உன்கூட மூணு நாளா? செவுத்துக்கிட்ட பேசற மாதிரியில்ல இருக்கும்” என்றார். ஆனால் எனக்கும் சேர்த்து அவரே பேசிவிட்டதால் குறை ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை. பட்டையில் எப்படித் தடவுவது என்று நான் காட்டியதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, “இதுக்கா இவ்வளவு படிச்சே?” என்று கிண்டல் செய்தார். பிறகு என் முறை. ரப்பரில் செய்த ஒரு கால் கொண்டுவந்திருந்தார், குதிகாலில் புண்ணோடு. வார்டில் செய்வதுபோலவே முதலிலிருந்து செய்யச் சொன்னார். கட்டை அவிழ்த்தேன். “இப்ப பழுப்பு மருந்து. நல்லா ஊத்தித் தொடை. இன்னொரு தரம்.” துடைத்தேன். “ஆச்சா? இப்ப உங்க ஆளுங்களுக்கு மாதிரி எடு.”

பஞ்சுக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன் அப்பா. அந்தப் பழுப்பு மருந்தின் வேலையே கிருமியைக் கொல்வதுதான். போதாததற்கு, அதில் ஒரு துளி மிச்சமிருந்தாலும் எங்கள் நீலத்தை எழவிடாது.

தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். “பின்னே? ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ். எட்டரைக்குள்ள எல்லாப் புண்ணும் பளிச்சுன்னு இருக்கணும், இல்லேன்னா வார்டே அதிரும். அவர் பாத்துட்டு யாருக்கு எடுக்கச் சொல்றாரோ அவங்களுக்கு எடுப்போம்.” ஞாயிற்றுக்கிழமை? “அன்னைக்கு அவர் வரமாட்டார். கழுவறதுக்கு முன்னாடியே எடுத்துருவோம்.”

அறைக்கு ஓடிப்போய் என் நோட்டை எடுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த மாதிரிகள் மொத்தம் எட்டு. அதில் ஏழு நீலம். எட்டாவது நீலம் மட்டும் ஒரு புதன்கிழமை. அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். பஞ்சு சிஸ்டர் தேதியைப் பார்த்தார், வார்டுக்குப் போன் போட்டார், யாரையோ அதட்டி ரெஜிஸ்டரை எடுக்க வைத்தார். பிறகு போனை மூடிக்கொண்டு சொன்னார்: “அன்னைக்குப் பெரிய டாக்டர் பொண்ணுக்குக் கல்யாணம். அவர் லீவு. சாயங்காலம் நாங்க எல்லாரும் போனோமே, மறந்துட்டேன் பாரு.”

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நானா என்று அம்மா இன்னும் நம்பவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அவர் அந்த ரப்பர் காலைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். கடைசியில், “என் பேரைச் சொல்லிராதேம்மா. முப்பது வருஷமா தப்பு பண்ணினேன்னு ஆயிரும்” என்றார். தப்பு அவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சபையில் சொல்வதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை என்பதும் தெரிந்தது.

மூன்றாம் நாள் முதல் வரிசையில் குழு. அதன் பக்கத்திலேயே பெரிய டாக்டர். எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் இருபத்திரண்டு புண்களைப் பஞ்சு சிஸ்டர் எப்படிச் சுத்தம் செய்கிறார், வலித்தால் நோயாளியிடம் என்ன பேசிக் கவனத்தைத் திருப்புகிறார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மாதிரியை எப்போது எடுக்கவேண்டும் என்று நாங்கள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்றேன். எங்கள் ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டுதான் இருக்கிறது, ஒன்றரை வருடத்தில் நான் ஒருநாள்கூட அதைத் தாண்டிப் போய்ப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். பிறகு நீலம் வந்த எட்டுத் தேதிகளையும் பலகையில் எழுதினேன்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ என் ரவுண்ட்ஸ்தான் உங்க ஆராய்ச்சியைக் கெடுத்துதுன்னு சொல்றீங்க.”

இல்லை சார் என்று சொல்லத்தான் வாய் வந்தது. “ஆமாம் சார்” என்றேன்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் புதன்கிழமை என் பொண்ணு கல்யாணம்” என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. “நாளையிலேருந்து ஆறரைக்கு வாங்க. கழுவறதுக்கு முன்னாடி எடுங்க. நிஜமாவே நீலமாகுதான்னு நானும் வந்து பாக்கறேன்” என்றார். குழு மூன்று வாரம் கொடுத்தது.

மூன்று வாரமும் ஆறரைக்கு வார்டில் நின்றேன். அவரும் சொன்னபடி வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். இருபத்து நான்கு மாதிரி. இருபத்தொன்றில் நீலம்; மூன்று நாள் கழித்து அவற்றில் கிருமியும் வளர்ந்தது. மீதி மூன்றில் பழைய முறையிலும் ஒன்றும் வளரவில்லை. அதாவது இருபத்து நான்கும் சரி. முதல் பட்டை நீலமானபோது அந்த நோயாளி, ஒரு தையல்காரப் பெண், “ஏம்மா, நீலமானா நல்லதா கெட்டதா?” என்று கேட்டாள். பஞ்சு சிஸ்டர்தான், “சீக்கிரம் தெரிஞ்சா எல்லாம் நல்லதுதான்” என்றார். பட்டையை நம்பி இன்னும் யாருக்கும் வைத்தியம் செய்வதில்லை. அதற்கு ஆயிரம் மாதிரியாவது பார்க்கவேண்டும். ஆனால் பார்ப்போம்.

நேற்றுக் குழு முடிவு சொன்னது. வேலை மூடப்படவில்லை. இன்னும் மூன்று வருடம், கூடவே இரண்டு மருத்துவமனைகள். மூன்று வருடமும் என் இடம் என்னுடையது என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி எழுதப்போகிற ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்ததாகப் பஞ்சு சிஸ்டரின் பெயர் வரும். கேட்டதும், “இனிஷியலோட போடு. அந்தப் பேர்ல இன்னொருத்தி இருக்கா, அவ எடுத்துக்குவா” என்றார். ம்ம் சார் என்னைக் கூப்பிட்டு, “நல்லாப் பேசினீங்க. நானும் வார்டுக்குப் போயிருக்கணும். போகலை” என்றார். மூன்று வாக்கியம், அப்பா. ஆய்வகத்தில் எல்லாரும் விரல்விட்டு எண்ணினோம்.

கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்குச் சொல்கிற வயது எனக்கு இல்லை. உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை நான் பேசியதும் இல்லை. ஆனால் நீங்கள் எட்டாவதோடு நிறுத்திவிட்டு என்னை இவ்வளவு தூரம் படிக்கவைத்தது, கேட்டவர்களுக்கு ஆமாம் என்றால் ஆமாம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நான் சொல்லவேண்டும் என்பதற்காகவும்தானே? இப்போது சொல்கிறேன். கையெழுத்துப் போடவேண்டாம் அப்பா.

இறங்கி வந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவேண்டாம். வந்து இருங்கள். அம்மா இதைப் படித்துப் பார்த்தாள். ஒன்றும் சேர்க்கச் சொல்லவில்லை. தபால்தலையை மட்டும் அவளே ஒட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வருகையை எதிர்பார்க்கும்
அன்பு மகள்