பாவாடை ஓரத்துக் கறுப்புச் சேறு

மார்ச் 12

ஆய்வகத்தில் இன்றும் ஆற்றுத் தண்ணீர்ப் புட்டிகள். மேலே சுரங்கக் கழிவு கலக்கிற இடத்திலிருந்து எங்கள் ஊர்ப் பாலம் வரை எடுத்தவை. ஈயம் அளக்கும் மீட்டர் காட்டியதை எழுதினேன், அடுத்த புட்டியைத் திறந்தேன். கை பாட்டுக்கு வேலை செய்கிறது. என் மனைவி நெலிதா செத்துப்போனதிலிருந்தே இப்படித்தான். இருமல் வேறு.

மார்ச் 14

அத்தை வந்தார். மூலையில் கிடக்கும் நெலிதாவின் துணி மூட்டையைத் தடவிப் பார்த்தார். எங்கள் வழக்கப்படி அடக்கம் முடிந்த ஐந்தாம் நாளே ஓடுகிற தண்ணீரில் துவைத்திருக்க வேண்டும். துவைத்தால்தான் போனவள் கிளம்புவாள். அன்றைக்கு மூட்டையைக் கொடுக்க மறுத்தது நான்தான்.

"இந்த ஆத்துல ஈயம் ஓடுது அத்தை. இதுல அவ துணிய நனைக்க விடமாட்டேன்."

"எங்க அம்மாவுக்கு இதுலதான மாப்ளே துவைச்சோம்."

"அப்ப ஆறு வேற."

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "எம்பொண்ணு போகவும் முடியாம, உள்ள வரவும் முடியாம இங்கயே நிக்கிறா."

நிக்கட்டுமே. நின்னா என்ன?

மார்ச் 15

ஒன்றுமில்லை.

மார்ச் 20

சந்தைக்குப் போனேன். நெலிதா உட்காரும் இடத்தில் யாரும் கடை போடவில்லை. பக்கத்துக் கடை தொமிங்கா, வமன்ரிப்பாப் பூ விற்றுக்கொண்டிருந்தாள். மலை உச்சிப் பனிக்குச் சற்றுக் கீழே, பாறை இடுக்கில் பூக்கிற மஞ்சள் பூ. கொதிக்க வைத்துக் குடித்தால் நெஞ்சுச்சளி இறங்கும். நெலிதாவும் இதைத்தான் பறித்து விற்றாள். மூடுபனியில் வண்டி கவிழ்ந்து அவள் போன அன்றும் சந்தைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

"எங்க பறிச்சது?" என்று கேட்டேன்.

"ஒம் பொண்டாட்டி என்னைக்காவது எனக்குச் சொன்னாளா? 'மலைக்கு அந்தப் பக்கம்'னு சிரிப்பா. நான் மட்டும் சொல்லணுமோ?"

பறிக்கிறவர்கள் யாருமே இடத்தைச் சொல்வதில்லை. ஒரு கட்டு வாங்கி ஆய்வகத்தில் அரைத்துப் பார்த்தேன். ஈயம். பூ என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது.

மார்ச் 27

மச்சினி யோவானா வந்தாள். நான் தடுப்பதற்குள் மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

"உள்ள எலி குடும்பம் நடத்தப் போகுது மச்சான். அக்கா எலியோடதான் சொர்க்கத்துக்குப் போகணுமா?"

சிரித்துவிட்டேன். சிரித்தது நான்தானா?

சால்வை முனையில் ஒரு முடிச்சு. உள்ளே காய்ந்த வமன்ரிப்பா, ஒரு கைப்பிடி. "இத ஏன் விக்காம வச்சிருக்கா?" என்றாள் யோவானா. எனக்குத் தெரியும். என் இருமல் அவள் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. 'உனக்குன்னு நல்லதா தனியா எடுத்து வச்சிருக்கேன், கெடந்து இருமாத' என்று சொல்லியிருந்தாள். எங்கே வைத்தாள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 30

பாதியை அரைத்தேன். அவள் கடைசியாகப் பறித்ததை அரைக்கிறேனே.

ஈயம் இல்லை. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். இல்லவே இல்லை.

அப்படியானால் அவளுக்கு ஒரு சுத்தமான இடம் இருந்திருக்கு. பூ இருந்தா தண்ணியும் இருக்கும். ஏன்டி, நான் தண்ணி பாக்குறவன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2

யோவானா பாவாடையை உதறி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரமெல்லாம் சேறு, கன்னங்கரேலென்று. எங்கள் பக்கம் சேறு மஞ்சளாகத்தான் ஒட்டும். கறுப்புச் சேறு மலைக் கணவாய்க்கு அப்பால், கம்பளிக்கு வளர்க்கும் அல்பாக்கா மேயும் சதுப்பில் மட்டும்தான்.

"நல்லவேளை நீங்க துவைக்க விடல மச்சான். ஆனா இத அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கங்க. என்னால அடி வாங்க முடியாது."

ஏப்ரல் 6

அத்தை, யோவானா, நான், மூன்று பேரும் மூட்டையோடு மலை ஏறினோம். வழியில் ஒவ்வொரு ஓடையிலும் மீட்டரை வைத்தேன்.

"என்ன சொல்லுது மாப்ளே?"

"வேணாங்குது அத்தை."

அடுத்த ஓடையிலும் வேண்டாம். அதற்கடுத்ததிலும். "ஒங்களுக்கு ஏத்த பொட்டிதான். ஒரே பிடிவாதம்," என்றார் அத்தை.

கணவாய் தாண்டியதும் கறுப்புச் சதுப்பு. அதன் மேலே ஒரு பாறைப் பிளவிலிருந்து ஊற்று. சுற்றிலும் மஞ்சள் பூ. சில செடிகளில் தண்டு சீராக அறுபட்டிருந்தது, வேரோடு ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். அறுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுசாய்த் துளிர்.

மீட்டரை வைத்தேன். எடுத்துத் துடைத்து இன்னொரு தடவை வைத்தேன்.

"சொல்லுமய்யா, என்னங்குது?"

"சரிங்குது அத்தை."

கொண்டுபோன சாராயத்தை முதலில் பூமிக்குக் காணிக்கையாக ஊற்றினோம். யோவானா சோப்பை எடுத்தாள். வேண்டாம் என்றேன், கீழே அல்பாக்கா குடிக்கும்.

"சோப்பு இல்லாம என்ன துவையல்? போற எடத்துல அக்கா மானம் போகும்!"

"அவளே இங்க சோப்புப் போட விட்டிருக்க மாட்டா," என்றார் அத்தை. சிரித்துக்கொண்டே அழுதார்.

கட்டியவன் துணியைத் தொடக்கூடாது. கரையில் உட்கார்ந்திருந்தேன். சால்வை, ரவிக்கை, கடைசியில் பாவாடை. ஓரத்துச் சேறு கரையத் தொடங்கியதும் என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க மச்சான்," என்றாள் யோவானா. மெதுவாகத்தான் சொன்னாள்.

உட்கார்ந்தேன். தண்ணீர் கொஞ்ச நேரம் கறுப்பாகப் போனது. அப்புறம் தெளிந்துவிட்டது.

ஏப்ரல் 7

சந்தையில் தொமிங்கா கேட்டாள்: "துவைச்சாச்சாமே! எந்தத் தண்ணில?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"அடப்பாவி, அவளே வந்து சொன்ன மாதிரி இருக்கு!"

ஏப்ரல் 9

மீதிப் பூவைக் கொதிக்க வைத்தேன். வீடெல்லாம் அந்த வாசனை. கோப்பையோடு வாசலுக்குப் போய் முதல் மடக்கை மண்ணில் ஊற்றினேன்.

வாசலில் யாரும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதியைக் குடித்தேன். நல்ல கசப்பு.