மழைக்கு நாம் எடுத்த டயர்கள்

நேற்றிலிருந்து, ஓய்வுபெற்றபின் நான் குடியிருக்கும் பதுளை வீட்டு வராந்தாவில் புது ரப்பர் வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் தம் காய்கறி லாரிக்கு வாங்கிய நான்கு டயர்களை நனையாமல் இருக்க இங்கே அடுக்கியிருக்கிறார். “படிச்சவங்க நீங்க. மழை ரோட்டுக்கு இது தாங்குமான்னு பாத்துச் சொல்லுங்கய்யா” என்றார். “லாரி ஓட்டுறவரைக் கேளுங்க” என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டேயிருக்கிறது. உன்னோடு பேசினால்தான் இன்று எனக்குத் தூக்கம் வரும்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்தவர்கள் நாம். நான் பதுளையில் படித்துத் தோட்டத்துப் பள்ளிக்கே வாத்தியாராகத் திரும்பினேன். நீ மாட்டுவண்டியிலிருந்து தோட்டத்தின் முதல் லாரிக்கு ஏறினாய். தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது உன் வேலை. ஐப்பசி மழைக்கு முன் டயர் மாற்றவேண்டும், ஓட்டுகிறவனே பார்த்து எடுக்கட்டும் என்று தோட்டத்துத் துரை உன்னைப் பதுளைக்கு அனுப்பினார். பள்ளி விடுமுறை, நானும் தொற்றிக்கொண்டேன்.

நாம் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் இரண்டு வகை டயர்களை உருட்டிவந்து போட்டார். ஒன்றில் வயல் வரப்பு மாதிரிக் குறுக்கே தடித்த மேடுகள். மற்றதில் மேடுகளுக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்துகளே புடைத்து நின்றன. வழுக்காது என்பதுதான் அந்த எழுத்துகளின் பொருள். நீ வரப்பு டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தாய்.

“இது சேத்தைக் கடிக்கும்னு தோணுது நானா.”

“கடிக்கும். ஆனா உதறலும் கூடப்பா. பெட்டியெல்லாம் ஆடும்” என்றார் அவர்.

நீ என்னைப் பார்த்தாய். “நீ சொல்லு வாத்தியாரே.”

எனக்கு லாரியும் தெரியாது, சேறும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஸ்லேட்டும் பிள்ளைகளும்தான். பள்ளி வாசலில் உன் லாரி போகும்போதெல்லாம் மண்ணில் எழுத்து விழும், பிள்ளைகள் ஓடிவந்து படிக்கும் என்று மனத்துக்குள் படம் ஓடியது. “எழுத்து டயரை எடு” என்றேன். நீ அதையே எடுத்தாய்.

முதல் மழை நின்ற காலை நினைவிருக்கிறதா? எழுத்துகள் மண்ணில் விழத்தான் செய்தன. ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழுந்தன. முன்வரிசையில் உட்காரும் உன் மகள் அதை அப்படியே ஸ்லேட்டில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். லாரியிலிருந்தே நீ சிரித்தாய். “என்ன வாத்தியாரே, உன் டயருக்கே எழுதத் தெரியலயே!”

மழை பிடித்துக்கொண்டதும் எழுத்துகளின் இடுக்கெல்லாம் செம்மண் அடைத்து, டயர் பலகை மாதிரி வழவழப்பாகிவிடும். அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. நார்க்கயிற்றை டயரில் சுற்றி ஓட்டினாய். ஏன் என்று கேட்டதற்கு, “அழகுக்குத்தான் வாத்தியாரே” என்றாய். நானும் நம்பி, “கயிறு சுத்தினதிலேருந்து எழுத்து விழல, பிள்ளைங்க ஏமாந்து போகுதுங்க” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். மறுநாள் காலை நீ கயிறு இல்லாமல் வந்தாய். பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடின. அன்று மத்தியானமே, பனியும் தூறலுமாக இருந்த வளைவில் லாரி சறுக்கி, ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சாய்ந்தது. பெட்டிகள் உடைந்து தேயிலை தண்ணீரோடு போயிற்று. உன் வலது மணிக்கட்டும் உடைந்தது.

மறுநாள் பெரட்டில், வேலைக்குக் கூடிய எல்லோருக்கும் முன்னால் துரை விசாரித்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது. பிள்ளைகளைக் கொழுந்து பறிக்க அனுப்பலாம் என்பார். இழுத்து மூட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“இந்த டயர் யார் எடுக்கச் சொன்னது?”

“நான்தாங்க” என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். என் குரல் முடியுமுன் நீ குறுக்கே விழுந்தாய்.

“வாத்தியாருங்களா? அவரு ஓசியில பதுளை பாக்க வந்தாருங்க தொரை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கும் லாரிச் சக்கரத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாதுங்க. என்னைக் காப்பாத்தப் பாக்குறாரு.”

பெரட்டே சிரித்தது. துரையும் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ என் பேச்சை மறித்தது இருக்கட்டும். அந்தச் சிரிப்பை என்னிடமிருந்து யார் கேட்டார்கள்? சிரிக்காமல் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

துரை உன்னை வேலையை விட்டு நீக்கினார். அன்று சாயங்காலத்துக்குள் லயத்துக் காம்பராவைக் காலிசெய்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெலிமடைப் பக்கம் போனாய். கட்டுப்போட்ட கையோடு மறுபடியும் மாட்டுவண்டி. பள்ளிக்கூடம் நடந்தது. முன்வரிசையில் ஒரு இடம் மட்டும் காலியானது. நீ போன இடத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் இதைப் பேச வாயெடுத்தேன். “அதை விடு. பிள்ளைங்க எத்தனை பேரு வருதுங்க? கூரை ஒழுகுதா?” என்று கேட்டு அடைத்துவிடுவாய்.

உன் காரியத்துக்கு வந்தபோது நீ இல்லை, தடுக்க முடியாது என்ற தைரியத்தில் உன் மகளிடமே சொன்னேன். இடுப்பில் பிள்ளையோடு நின்று கேட்டாள். டயர், கயிறு, சிரிப்பு, அவள் படிப்பு நின்றது வரை ஒன்றையும் நான் விடவில்லை. கோபப்படுவாள், இரண்டு வார்த்தை திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றேன்.

“அப்பா சொல்லியிருக்காருங்க வாத்தியாரய்யா” என்றாள். “என்னைக்காவது வாத்தியாரு வந்து, நான்தான் காரணம்னு சொல்லுவாரு, ரொம்ப நல்ல மனுசன், அதை நம்பாதேன்னு.”

உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் எடுத்துச் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டி, ஆறிடும், குடிங்க என்றாள். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் என் குற்றத்தை அப்படியே பதுளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.