மூன்றாவது ஓட்டு

அக்டோபர் 14

ஒருவழியாக இரண்டு கணினிகளும் ஓடுகின்றன. ஒன்று நான் வாழவந்த இந்தக் குப்பத்தில், மற்றது நான் பிறந்த அக்கரைக் குப்பத்தில். ஏரியில் இன்று எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்ற பாடு முறையை ஆண்களின் போனுக்கு அனுப்புவதுதான் வேலை. ஒன்று நின்றால் மற்றது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு கரையில் கரன்ட் இருக்காதே, அதற்காக.

கீப்அலைவ்டி என்ற மென்பொருள் மட்டும் போதுமா என்று பார்த்தேன். அது முகவரியை மாற்றிக் கொடுக்கும், தரவைக் கவனிக்காது. அதனால் இப்போது மூன்று மென்பொருள்கள். கோரோசிங்க் மறுகரை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. பேஸ்மேக்கர் யார் பொறுப்பு என்று முடிவு செய்கிறது. டிஆர்பிடி இரு பக்கமும் ஒரே தரவை வைக்கிறது.

ஆனால் இரண்டே பேரில் பெரும்பான்மை ஏது? நடுவில் இணைப்பு அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைக்கும், இரண்டுமே தனித்தனியாக முறை அனுப்பும்.

அக்டோபர் 15

இரண்டு குப்பத்துக் கூட்டத்தில் இரண்டு கேட்டேன். இணைப்பு அறுந்தால் எது பொறுப்பு என்று ஓட்டுப் போட மட்டும் மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி. பிறகு, பொறுப்பேற்கும் கணினி முதலில் மற்றதன் கரன்டை நிறுத்த ஒரு ஸ்விட்ச்.

எங்கள் தலைவர் ஆதிநாராயணன் சிரித்தார். "அவங்க மெசினு நம்ம மெசின நிறுத்துமா? இன்னா பேசற சத்யா. இன்னிக்கு மெசினு, நாளிக்கு நம்ம படகையும் நிறுத்துவாங்க."

அக்கரைத் தலைவர் பூபதி, "அதாம்மா நானும் சொல்றேன்" என்றார்.

எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். பெட்டி அந்தக் கரையில் என்றால் இவர் எழுந்தார், இந்தக் கரையில் என்றால் அவர் எழுந்தார். ரெண்டு போதும் என்று முடித்துவிட்டார்கள்.

அக்டோபர் 16

மழை. எரிச்சல்.

அக்டோபர் 19

நேற்றுக் காற்றில் கரைகளுக்கு நடுவிலிருந்த ரேடியோ இணைப்பு போனது. அதன் பிறகு எங்கள் கரையில் ஒருவர், அக்கரையில் இருக்கும் என் தம்பி லோகேஷோடு முறையை மாற்றிக்கொண்டார். அந்த மாற்றம் அக்கரைக் கணினியில் மட்டும் ஏறியது. எங்களுடையது பழைய முறையையே வைத்துக்கொண்டு, மாற்றம் தெரியாத அவருடைய கூட்டாளிகளை அதே இடத்துக்கு அனுப்பியது. பொழுது சாயும்போது ஒரே இடத்தில் இரண்டு வலை. கழியால் அடித்துக்கொண்டார்கள்.

லோகேஷுக்குத் தலையில் தையல். அடித்தவர்கள் என் தெருக்காரர்கள்.

அக்டோபர் 20

ஆதிநாராயணன் வாசலில் நின்று சொன்னார்: "உன் மெசினு பண்ண வேலய பாத்தியா? படிச்சவளாச்சேன்னு நம்பனோம்."

என் மெசினா? யாரு வேணாம்னது? அன்னிக்கு சிரிச்சது யாரு? தம்பி மண்ட ஒடஞ்சு கெடக்கறான், எங்கிட்ட வந்து கேக்கறாங்க—

அக்டோபர் 21

இரண்டையும் நிறுத்திவிட்டேன். கேட்டது வராமல் ஓட்ட மாட்டேன். முறை தெரியாமல் யாரும் வலை கட்ட ஏரியில் இறங்கவில்லை.

மீன் விற்கும் செல்வம்மாள் வந்தாள். "எறா ஓடற நாள்ல இன்னாக்கா அடம்? என் கூடை வெறுசா கெடக்குது."

"அத தலைவருங்க ஊட்ல போய் கவுத்துக் காட்டு" என்றேன்.

போய்க் காட்டியும் விட்டாள்.

அக்டோபர் 26

ஸ்விட்சுக்கு இருவரும் தலையாட்டினார்கள். பெட்டிக்கு இடம்தான் மறுபடி தகராறு. கடைசியில் பூபதி சொன்னார்: "சத்யா ஊட்ல வைங்க. பொறந்தது அங்க, வாக்கப்பட்டது இங்க. புருஷன் போனதோட அவளுக்குப் பாடும் இல்ல. யாருக்கும் சாயாது."

நல்ல யோசனை என்று எல்லாரும் பாராட்டினார்கள். அவரை. எனக்குப் பங்கில்லாததுதான் என் தகுதியாம்.

நவம்பர் 2

காற்றில் மறுபடி இணைப்பு போனது. என் அலமாரியில் போன் சிக்னலில் ஓடும் பெட்டி அக்கரைக்கு ஓட்டுப் போட்டது. அதே சிக்னலில் அக்கரை எங்கள் கணினியின் கரன்டை உடனே நிறுத்தியது. எல்லார் போனுக்கும் ஒரே முறை போனது. படகுகள் போய்த் திரும்பின. சண்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கணவர் இறந்ததும் பிடுங்கிக்கொண்ட எங்கள் வீட்டுப் பாடு உரிமையைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். கொடுத்தால், பெட்டிக்கு அவர்கள் வேறு வீடு தேடிக்கொள்ளட்டும்.