மஞ்சள் பிளக்

ஜனவரி 11, புதன்

வரும் நாட்களில் எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வெறும் புலம்பலாகிவிடும்.

1. என் மனைவி ஸ்டெஃபாவின் கண். அறுவை சிகிச்சை 19ஆம் தேதி, சாஸ்கடூன் நகர மருத்துவமனையில். பார்வை மிச்சமிருப்பது அந்த ஒரு கண்ணில்தான். தேதி தவறினால் இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டும்.
2. குளிர். மைனஸ் நாற்பதைத் தொடும் என்கிறார்கள்.
3. வண்டி. டீசல். இரவு முழுக்க இன்ஜின் ஹீட்டரை வீட்டு மின்சாரத்தில் மாட்டிவைக்காவிட்டால் காலையில் முனகக்கூட முனகாது.
4. கிளம்பும்போது ஹீட்டர் பிளக்கைக் கழற்றுவது. என் கைக்குப் பழகிய வேலை. ஸ்டெஃபா இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரியவும் தெரியாது.

ஜனவரி 15, ஞாயிறு

ஒத்திகை பார்த்தேன். பிளக்கை மாட்டி, பானெட்டில் காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய சீறல். உள்ளே வந்ததும் சந்தேகம். மறுபடி போனேன். காது மடல் மரத்துப்போயிற்று.

"எத்தனை தடவை போய்ப் பாப்ப? அது என்ன, டீ போடுற கெட்டிலா?" என்றாள் ஸ்டெஃபா.

நாற்பது வருடம் கணிதம் கற்பித்தவன். ஒரே விடையை நான்கு முறை சரிபார்க்கிறேன்.

ஜனவரி 18, புதன்

மைனஸ் முப்பத்தெட்டு. மாட்டியாயிற்று. மாட்டினேனா? போய்ப் பார்த்தேன். மாட்டித்தான் இருக்கிறது.

ஜனவரி 19, வியாழன்

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அந்தச் சந்தோஷத்தில் - சொல்லவே கூசுகிறது - பிளக்கைக் கழற்றாமலே பின்னால் எடுத்துவிட்டேன். 'டக்' என்று ஏதோ ஒரு சத்தம். சக்கரத்தில் ஒட்டிய பனிக்கட்டி என்று நினைத்தேன். இந்தக் குளிரில் வயர் சுள்ளி மாதிரி விறைத்திருக்கும், இழுத்தால் ஒடியும் என்பது எனக்குத் தெரியாததா?

மருத்துவமனையில் வண்டி நிறுத்துமிடத்தில், ஹீட்டர் மாட்டவென்றே இருக்கும் மின்கம்பத்தில் மாட்டலாம் என்று முன்பக்க வயரை எடுத்தால், கையில் வந்தது பிளக் இல்லாத மொட்டை நுனி. அவள் வெளியே வர மதியமாகும். அதற்குள் இன்ஜின் கல்லாகிவிடும். கண்ணில் கட்டுடன் அவளை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவேன்?

பக்கத்து வண்டிக்காரரைக் கேட்கலாமா? என்ன நினைப்பார்? திரும்ப வண்டியில் ஏறி ஸ்டெஃபா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"என் கண்ணையே முகம் தெரியாத ஒருத்தன்கிட்ட குடுக்கப் போறேன். உன்னால ஒரு பிளக் கேக்க முடியாதா, ஓரெஸ்ட்?"

இறங்கிப் போய்க் கேட்டேன். கிளிஃபோர்ட் என்று பெயர். கிரீ பழங்குடி இனத்தவர். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறாராம். தொங்கிய வயரைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, வீட்டையும் சேத்து இழுத்துட்டு வந்தீங்களா?"

அவருடைய பெட்டியில் மாற்று பிளக் ஒன்று இருந்தது. நான் ஸ்டெஃபாவை உள்ளே சேர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் மாட்டி முடித்திருந்தார். போன வருஷம் அவரும் இப்படித்தான் அறுத்துக்கொண்டு போனாராம். அதிலிருந்து ஒன்று உபரியாக வைத்திருக்கிறாராம். பிளக் நல்ல மஞ்சள் நிறம். ஹீட்டர் சீறியது. மதியம் வண்டி கிளம்பியது.

ஜனவரி 20, வெள்ளி

எங்கள் ஊர்க் கண் மருத்துவர் கட்டைப் பிரித்தார். என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"பால்" என்றாள்.

ஜனவரி 24, செவ்வாய்

இன்னும் பால் வெள்ளைதான், வேறொன்றும் தெரியவில்லை. வீக்கம் வடியட்டும், பொறுங்கள் என்கிறார் மருத்துவர். வடியாவிட்டால்? அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். நான் வெளியே போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். வேறு எதைச் சரிபார்ப்பது?

ஜனவரி 29, ஞாயிறு

பெரோகிக் கொழுக்கட்டை செய்தாள். மாவின் ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்தி மூடினாள். விரலைப் பார்த்தா செய்தாள்?

பிப்ரவரி 3, வெள்ளி

சொட்டு மருந்து வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். வண்டி உறுமியது. பின்னால் எடுக்கக் கியரைப் போட்டேன். சமையலறை ஜன்னலில் தடதடவென்று சத்தம். ஸ்டெஃபா கரண்டியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்றோ என்று பதறி இறங்கி ஓடினேன். கதவைத் திறந்தாள்.

"வயர், ஓரெஸ்ட். இன்னும் மாட்டியிருக்கு பாரு. அந்த மஞ்சளா இருக்கிறது."

பிளக் என்ன நிறம் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை.

கழற்றினேன். இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

11ஆம் தேதி எழுதிய நான்காவது குறிப்பு தவறு.