அப்பாவின் மாம்பழத் தடை

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சாருஜாவுக்கு,

பிள்ளையார் துணையில் நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். இந்தச் சின்ன ஃபிளாட்டில் நான் போனை எடுத்தால் அப்பாவின் காது இங்கேதான் இருக்கும், இது அவர் கேட்கக்கூடாத சங்கதி.

வைகாசியில் இரத்தம் சோதித்த டொக்டர், சீனி எல்லையில் நிற்கிறது, கவனமில்லாவிட்டால் மருந்துக் குளிசை தொடங்கவேண்டும் என்றாரே, அப்பா நன்றாகப் பயந்துவிட்டார், பெரியப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் கால் எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவரல்லவா. அன்றோடு வீட்டில் பழத்துக்குத் தடை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டியை நான் மணந்து பார்க்கமுன்னமே பக்கத்து வீட்டு ஜவாஹிறாவிடம் கொடுத்துவிட்டார். ஜவாஹிறா சும்மா வாங்கி வைக்கிற ஆளா, பின்னேரமே பழத்தை அடித்து, வடித்து, சீனியும் போட்டு ஒரு ஜக் நிறைய ஜூஸ் கொண்டுவந்தார். அப்பா இரண்டு கிளாஸ் மடமடவென்று குடித்துவிட்டு, "பழம்தானே கூடாது, இது தண்ணிதானே" என்று வாயைத் துடைக்கிறார்! ஜவாஹிறா நின்றபடியால் அப்பா தப்பினார், இல்லாவிட்டால் மிச்சத்தை அவர் தலையில் ஊற்றியிருப்பேன்.

பிறகு நீ வீடியோவில் வந்து எவ்வளவு பொறுமையாக விளங்கப்படுத்தினாய். பழத்தைப் பழமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழிவு வருவது குறைவாகத்தான் காணப்படுகிறது, ஜூஸ் ஆக்கினால் நார் போய்ச் சீனி கெதியில் ஏறும், அப்பா சோற்றைக் குறைத்து, பழத்தை அளவாகக் கடித்துச் சாப்பிட்டு, நடக்கவும் வேண்டும் என்று. அவர் ஒரு "ம்" போட்டுவிட்டு எழும்பிப் போனார். உன் முகம் வாடியதை நான் பார்த்தேன் பிள்ளை. நீ டொக்டருக்குப் படிக்கவில்லை என்ற குறை அவருக்கு எப்போதும் உண்டு, யாரும் கேட்டால் "மகள் அங்க பெரிய ஆஸ்பத்திரியில" என்று சொல்லி நிறுத்திவிடுவார், டொக்டர் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும் என்று.

ஆனால் அடுத்த நாளே ஜூஸை விட்டார். சோறு பாதியாயிற்று, விடிய எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடக்கிறார், வந்து ஒரு துண்டு பப்பாசியோ கொய்யாவோ சப்பிச் சப்பிச் சாப்பிடுகிறார். சில மாதம் கழித்து, போன வியாழக்கிழமை டொக்டரிடம் திரும்பக் காட்டப் போனோம். சீனி இறங்கியிருக்கிறது, இப்போதைக்குக் குளிசை தேவையில்லையாம். டொக்டர் சிரித்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, "என்ர மகள் சொன்னபடி செய்தனான் டொக்டர்" என்றார். உங்கள் மகளும் டொக்டரா என்று அவர் கேட்க, "இல்லை, அவ நியூட்ரிஷனிஸ்ட். அதுதான் அவ படிச்ச படிப்பு. எனக்குக் குளிசை இல்லாமல் செய்தது அவதான்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது மகள், உன்னாலும்தான், அவராலும்தான்.

உன் முகத்துக்கு நேரே அவர் இதை ஒருநாளும் சொல்லமாட்டார், அந்த மனிதரை நான் அறிவேன். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன், வேண்டியபோது எடுத்து வாசி. அவரிடம் மட்டும் மூச்சு விடாதே. எல்லோருக்கும் சாப்பாடு சொல்லிக்கொடுக்கிற நீ காலைச் சாப்பாட்டை விடாதே. நீ எல்லா நலமும் பெற்று நீண்டகாலம் நன்றாயிரு.

இப்படிக்கு,
நியூட்ரிஷனிஸ்ட் சாருஜாவின் அம்மா,
சரோஜினிதேவி