ரீஃபண்ட் வந்த வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மாடியில் போட்ட துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. கிணற்று மோட்டார் வேறு உறுமுகிறது, ஓடவில்லை. கபாசிட்டர் மாற்ற வேண்டும்.

11.20க்கு ஒரு மெசேஜ். கணக்கில் ரூ. 31,460 வரவு. மோசடி என்றுதான் முதலில் நினைத்தேன். தினம் ஒருவன் பரிசு விழுந்திருக்கிறது என்று அனுப்புகிறானே. இதில் லிங்க் எதுவும் இல்லை. பாங்க் ஆப்பைத் திறந்து பார்த்தேன். நிஜப் பணம். வருமான வரி ரீஃபண்ட்!

காற்றாலைக் கம்பெனியில் பதினாறு வருடம் இருந்தேன். சம்பளத்தில் பிடித்த வரி திரும்பி வந்து பார்த்ததே இல்லை. நவம்பரில் வேலையை விட்டபின் வருகிறது. நல்ல நேரம்தான்.

சந்தோஷம் பத்து நிமிஷம். உடனே முருகேஷ் போன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சேவை மையம் வைத்திருப்பவன். ஜூலையில் எனக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவன்.

“அண்ணாச்சி, துட்டு ஏறிட்டுல்லா? நம்ம பத்து பெர்சன்ட்ட அனுப்பி விட்ருங்க.”

எனக்கு வந்தது இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்கத் தோன்றவில்லை. அனுப்பித் தொலைத்தேன்.

செல்விக்கு மத்தியானம் போன் பண்ணிச் சொன்னேன். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் இரைச்சல். “நல்லதாப் போச்சு. மொதல்ல மோட்டாரப் பாருங்க,” என்றாள். என் மனைவி, பள்ளியில் விளையாட்டு டீச்சர். எதையும் கட்டளையாகத்தான் சொல்ல வரும்.

கடைக்குப் போகும்போது எதிர்வீட்டுக்காரர், “என்ன சார், இன்னும் லீவுதானா?” ஆமாம் என்றேன். கம்பெனியில் நீண்ட விடுப்பு என்று தெருவில் சொல்லி ஒன்பது மாதம் ஆகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கபாசிட்டர் 180 ரூ. தேங்காய் 2. கரண்ட் பில் நாளைக்குள்.

கம்பெனி கொடுத்த வரிப் பிடித்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். பிடித்தது எவ்வளவோ அவ்வளவும் அப்படியே திரும்பியிருக்கிறது. எப்படி? முருகேஷிடம் கேட்டால் சிரிக்கிறான். “அதெல்லாம் நம்ம டெக்னிக்கு அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுக்கு அது?”

டெக்னிக் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி மேனேஜரும் இதே மாதிரி ஒரு வார்த்தைதான் சொன்னான்: அட்ஜஸ்ட்மெண்ட். ஏறிப் பார்க்காத டவர்களை ஏறிப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னான். நாளைக்கு ஒரு பையன் எண்பது மீட்டர் ஏணியில் ஏறுவான், போல்ட் கழன்றிருந்தால்? பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்தவன் நான். பொய்க் கையெழுத்து இதுவரை போட்டதில்லை. இனியும் போட மாட்டேன்.

போட்ட ரிட்டர்னின் காப்பி வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆறு போன், இரண்டு நடை. இன்றுதான் காப்பி அனுப்பினான். அயோக்கியன்!

வரிச் சலுகைக்காக என் பெயரில் என்னென்ன எழுதியிருக்கிறான்:

1. வீட்டு வாடகை கட்டுகிறேனாம். இருப்பது சொந்த வீடு.

2. கட்சி ஒன்றுக்கு நன்கொடை கொடுத்தேனாம். அப்படி ஒரு கட்சி இருப்பதே எனக்குத் தெரியாது. எந்தக் கட்சிக்காரனுக்கும் நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

3. என்னைச் சார்ந்து வாழும் மனைவி கடுமையான மாற்றுத்திறனாளியாம். எண்பது சதவீதத்துக்கு மேல்.

அடியில், மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதியளிப்பவர்: நான்.

நான் எங்கே உறுதியளித்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வந்தது. ஜூலையில் செல்வியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தபோது குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். தலையெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு, பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த போனில் முருகேஷ். “ஓடிபி வந்திருக்கும் அண்ணாச்சி, சொல்லுங்க.” அருவிச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னேன், ஆறு எண்ணையும். கியூவில் நின்றவன் எல்லாம் கேட்டிருப்பான். அதுதான் கையெழுத்து. கம்பெனியில் பேனாவை வைத்துவிட்டு வந்த பெரிய மனிதன், இங்கே எதற்கு என்று கூடக் கேட்காமல் சொல்லியிருக்கிறேன். முட்டாள்.

வயிற்றெரிச்சல் இதோடு போகவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷம் முழுக்கச் சம்பளம் வரும் என்று கம்பெனி வரி பிடித்திருக்கிறது. நான் நவம்பரிலேயே நின்றுவிட்டேன். வந்த சம்பளம் வரம்புக்குள். உள்ளதை உள்ளபடி போட்டிருந்தாலும் இதே 31,460, ஒரு பைசா குறையாமல் வந்திருக்கும்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. எனக்கு வரவேண்டிய பணத்துக்கு என்னையே பொய்யனாக்கி, அதற்குப் பத்து சதவீதக் கூலியும் வாங்கியிருக்கிறான்.

சாயங்காலம் செல்வியிடம் சொன்னேன், ரிட்டர்னைத் திருத்திப் போடப் போகிறேன் என்று.

“துட்டு ஒண்ணுதான்னா எதுக்குங்க கெடந்து திருத்திக்கிட்டு? சும்மா விடுங்க.”

மூன்றாவது வரியைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

“எம்பது சதவீதமா? நேத்துகூட பிள்ளையளோட கிரவுண்ட நாலு சுத்து ஓடிட்டு வந்தேன்! எங்க ஸ்கூல் ஆயாம்மா மவன் நெசமாவே நடக்க முடியாம, அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு ரெண்டு வருசமா அலையுதான். எனக்கு வீட்டுலயே கொண்டாந்து குடுத்துட்டானா?” மறுபடி வாசித்தாள். “சார்ந்து வாழுதேனாம்லா.” என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

அவளுக்குப் பள்ளி விடுமுறை. நான் கூப்பிடவில்லை, அவளாகவே வண்டியில் ஏறிக்கொண்டாள்.

சேவை மையத்தில் பதினைந்து பேராவது இருக்கும். முருகேஷ் முகத்தில் ஒரு சலனம் இல்லை. “எல்லாருக்கும் ஒரே ஃபார்மேட்டுதான் அண்ணாச்சி. போன வருசம் ஒரு வாத்தியாருக்குப் போட்டத காப்பி பண்ணி பேர மாத்துனேன். கோவப்படாதிய.”

“வேலை பாக்கிறவளை எப்படிலே சார்ந்தவன்னு போட்ட?” என்றேன்.

“பொண்டாட்டி புருசனச் சார்ந்துதான அண்ணாச்சி? இதுல என்ன பொய்யி?”

செல்வி முன்னால் வந்தாள். இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் குரல்.

“ஏலே, யாரு யாரைச் சார்ந்து இருக்கா? இவுஹ வேலைய விட்டு ஒம்பது மாசம் ஆச்சு. நவம்பர்ல இருந்து எங்க வீட்டு அடுப்பு எஞ் சம்பளத்துலதாம்லே எரியுது! எழுதுததுக்கு முன்னால கேக்க மாட்டியா?”

எதிர்வீட்டுக்காரரின் மச்சினன் அங்கே ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். பிறகு அவள் எல்லோரையும் பார்த்து, அவரவர் காப்பியை வாங்கி வாசியுங்கள் என்றாள். நாலு பேர் உடனே கேட்டார்கள். முருகேஷுக்கு அப்போதுதான் வியர்த்தது. நான் கொடுத்த கமிஷனைத் திருப்பி அனுப்பினான். அதிலும் இருநூறு பிடித்தம், சர்வர் சார்ஜாம். கொழுப்பு!

வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அவனைத் திட்ட வந்தவள் என் மானத்தை எதற்கு வாங்க வேண்டும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேச்சு இல்லை. தோசை மேசையில் இருந்தது, தின்றேன்.

திருத்திய ரிட்டர்னை நானே போட்டேன். மூன்று மணி நேரம். ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை வாசித்தேன். வாடகை இல்லை. நன்கொடை இல்லை. சார்ந்தவர் யாரும் இல்லை. ஓடிபியை நானே அடித்தேன். ரீஃபண்ட் அதே தொகை.

மத்தியானம் அவளே வந்தாள். “நான் சொன்னது பொய்யா?”

“எல்லார் முன்னாலயுமா சொல்லுவ?”

“பொய்யான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“ஒம்பது மாசத்துல ஒரு நாளாவது வீட்டுக்குள்ள சொல்லிக் காட்டிருக்கேனா?”

இல்லை. சொல்லிக் காட்டியதே இல்லை. கோபம் போய்விட்டது என்று எழுத முடியாது. ஆனால் அது அவள்மேல்தான் என்று சொல்லவும் முடியவில்லை. கம்பெனியில் பொய் எழுதமாட்டேன் என்று வந்தவன் தெருவில் தினமும் ‘லீவு’ என்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில் அடித்தது. துணி காய்ந்தது.

எப்படியும் மச்சினன் மூலம் எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும், முந்திக்கொண்டு நானே சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். தெருமுனை டீக்கடை. அவரும் பெஞ்சில் இருந்தார். கடைக்காரர் வழக்கம் போல, “என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் லீவா?”

“லீவு இல்ல. வேலைய விட்டுட்டேன். நவம்பர்லயே.”

கடைக்காரர் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“அது நவம்பர்லயே தெரியும்லா அண்ணாச்சி. நீங்க லீவுன்னு சொன்னிய, சங்கடப்படுவியன்னு நாங்களும் லீவான்னு கேட்டுக்கிட்டு இருந்தோம். சீனி போடவா, வேண்டாமா?”